வேலை தேடிய குடும்பங்கள்

தமிழ்நாட்டில் வேலை தேடுவது தனி ஆளின் காரியமாக இருந்த காலம் மிகக் குறைவு. விண்ணப்பத்தில் ஒருவர் பெயர்தான் இருக்கும். அதை எழுதிக் கொடுத்தவர், தபால் செலவுக்குக் காசு தந்தவர், ஊர்விட்டு ஊர் போனால் தங்க இடம் கொடுத்தவர், பெரிய மனிதரிடம் அழைத்துப் போய் நிறுத்தியவர் என்று பின்னால் ஒரு குடும்பமே நின்றிருக்கும். கடந்த 150 ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் இந்த உதவியின் வடிவம் பலமுறை மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் உறவினர் வேலையையே கொடுக்க முடிந்தது. பிறகு வேலை கொடுப்பவரிடம் சொல்ல மட்டும் முடிந்தது. தேர்வுகளும் பதிவு மூப்பும் வந்தபின், தேடுபவரைத் தாங்கிப் பிடிப்பதே குடும்பத்தின் பங்காக எஞ்சியது. இந்த மாற்றம் தானாக நடக்கவில்லை. உறவின் கையை வேலை வாசலிலிருந்து விலக்க அரசு நெடுங்காலம் முயன்றதன் விளைவு அது.

மிகப் பழைய வடிவம் கிராம உத்தியோகம். கர்ணம், மணியக்காரர், தலையாரி, வெட்டியான் முதலிய பதவிகள் வழிவழியாக ஒரே குடும்பத்தில் இருந்தன. இந்த வழக்கத்தை ஆங்கில அரசு எடுத்துவிடவில்லை, சட்டமாகவே எழுதி வைத்தது. 1895ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டப்படி, பதவியில் இருப்பவர் இறந்தால் அடுத்த வாரிசுக்கு அது போகும். வாரிசு சிறுவனாக இருந்தால் அவன் பெயரைப் பதிந்துகொண்டு, அவன் வயதுக்கு வந்து தகுதி பெறும்வரை வேறொருவரை வைத்து வேலையை நடத்துவார்கள்.

இங்கே வேலை தேடுதல் என்ற பேச்சே இல்லை. பயிற்சி மட்டும் இருந்தது, அதுவும் வீட்டுத் திண்ணையில் நடந்தது. கர்ணத்தின் மகன் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து சிட்டா, அடங்கல் பிரதி எடுக்கத் தொடங்குவான். எந்தச் சர்வே நம்பர் யாருடையது, எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும், யாருக்கும் யாருக்கும் வரப்புத் தகராறு என்பதெல்லாம் காகிதத்தில் ஏறும் முன்பே அவன் காதில் விழுந்துவிடும். கணக்கு ஒரு குடும்பத்தின் கையெழுத்திலேயே தலைமுறைக்கணக்காக ஓடியது. கிராமத்துக்கு அதனால் தொடர்ச்சி கிடைத்தது உண்மை. அந்தக் குடும்பத்தைத் தவிர வேறு யாருக்கும் கணக்குப் படிக்கத் தெரியாமல் போனதும் உண்மை.

தாலுகா, ஜில்லா கச்சேரிகளில் பதவி பரம்பரையாக இல்லை. நடைமுறை வெகு தூரத்திலும் இல்லை. கச்சேரியில் ஓர் இடம் பிடித்த சிரஸ்தாரோ ஹெட் குமாஸ்தாவோ தன் தம்பியையும் மருமகனையும் மைத்துனன் மகனையும் சம்பளமில்லாமல் வேலை செய்யச் சேர்த்துக்கொள்வார். பிரதி எடுப்பது, கட்டுகளை அடுக்குவது, பதிவேட்டில் நுழைப்பது போன்ற வேலைகளை அவர்கள் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் செய்வார்கள். காலியிடம் வரும்போது வேலை தெரிந்த ஆள் அங்கேயே இருப்பான். அதிகாரிக்கும் அது வசதி. சம்பளமில்லாத அந்தக் காலம் முழுவதும் சோறு போட்டது குடும்பம்தான். அப்படிச் சோறு போட முடியாத வீட்டுப் பிள்ளை இந்தப் போட்டிக்குள் நுழையவே முடியாது.

இதன் விளைவு மேலிடத்துக்குத் தெரியாமல் இல்லை. 1854ஆம் ஆண்டிலேயே சென்னை வருவாய் வாரியம் நிலை ஆணை ஒன்றைப் பிறப்பித்தது. ஜில்லாக்களில் உள்ள கீழ்நிலைப் பதவிகள் செல்வாக்குள்ள சில குடும்பங்களின் ஏகபோகமாகிவிடாமல் கலெக்டர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், முக்கியப் பதவிகளைப் பல சாதியாருக்கும் பகிர்ந்தளிக்க முயல வேண்டும் என்பது அதன் சாரம். பின்னாளில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் பற்றிப் பேசியவர்கள் எல்லாம் இந்த ஆணையை எடுத்துக் காட்டினார்கள். அது சாதியைப் பற்றிச் சொல்வதற்கு முன் குடும்பத்தைப் பற்றிச் சொன்னது என்பது கவனிக்கத்தக்கது. கச்சேரியில் சாதி குவிந்தது குடும்பத்தின் வழியாகத்தான். ஆணை காகிதத்தில் இருந்தது. கச்சேரி பழையபடியே நடந்தது.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ., பி.ஏ. என்ற படிகள் வேலைக்கான அளவுகோல்களாயின. குடும்பத்தின் முதலீடு இப்போது பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பியது. எல்லாப் பிள்ளைகளையும் படிக்கவைக்க வசதியில்லாத வீடுகளில் ஒருவனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவனுக்காக நிலம் ஒத்தியானது, அக்காளின் நகை அடகுக்குப் போனது. கும்பகோணம், திருச்சி, சென்னை போன்ற கல்லூரி ஊர்களில் தூரத்து உறவினர் வீட்டில் தங்கிப் படிப்பது வழக்கமாயிற்று. தங்க இடமிருந்தும் சாப்பாட்டுக்கு வழியில்லாத பிராமண மாணவர்களுக்கு வாரச் சாப்பாடு இருந்தது. திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை இன்னொரு வீடு என்று ஏழு நாளைக்கு ஏழு வீடு. இந்த வசதி சாதிக்குள்ளே மட்டும் ஓடியது. மற்றவர்களில் பல சாதியார் பிறகு சங்கம் வைத்துத் தங்கள் பிள்ளைகளுக்கு விடுதி கட்டினார்கள். நாடார்கள் வணிகத்தில் பிடித்த மகமையைக் கொண்டு பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள்.

படித்துவிட்டால் வேலை நிச்சயம் என்ற நம்பிக்கை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆட்டம் கண்டுவிட்டது. அந்தக் கால வேலை தேடல் எப்படி நடந்தது என்பதற்கு மிக நன்றாகப் பதிவான உதாரணம் கணித மேதை சீனிவாச ராமானுஜனுடையது. மேதை என்ற பட்டத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துப் பார்த்தால், எஃப்.ஏ. தேறாமல் வேலைக்கு அலைந்த ஆயிரக்கணக்கான கும்பகோணத்துப் பையன்களில் அவரும் ஒருவர்.

அப்பா ஜவுளிக்கடையில் கணக்கெழுதுபவர், மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். அம்மா கோமளத்தம்மாள் கோவிலில் பஜனை பாடிச் சிறிது சம்பாதித்தார், வீட்டில் மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார். மகன் கல்லூரியில் தோற்றுத் திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் வீட்டைச் சுமந்தது இந்த வருமானம்தான். 1909இல் அம்மா அவருக்குக் கல்யாணம் செய்துவைத்தார். கல்யாணம் ஆனவன் சம்பாதிக்க வேண்டும். குடும்பம் தந்த ஆதரவும் நெருக்கடியும் ஒரே கையிலிருந்து வந்தன.

கும்பகோணத்து ஜவுளிக்கடைக் குமாஸ்தாவின் உறவு வட்டம் சென்னை ஆபீஸ்களை எட்டவில்லை. 1910இல் ராமானுஜன் திருக்கோவிலூரில் டெப்டி கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி அய்யரைப் போய்ப் பார்த்தார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, இவனைத் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக்குவது பாவம் என்று நினைத்துச் சென்னைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே இருந்தவர் ராமானுஜனுக்கு முன்பு கும்பகோணத்தில் பாடம் சொன்ன பி.வி. சேஷு அய்யர். அவர் மூலம் நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ். கலெக்டரிடம் நேரில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் யார் என்றால், கலெக்டரின் மருமகன் முறையில் இருந்த ஓர் உறவினர். கணக்கு ஒன்றும் தெரியாத அந்த இளைஞர், மாமாவிடம் கணக்குப் பேசும் ஒருவர் வந்திருப்பதாகச் சொல்லி வழி திறந்தார். ராமச்சந்திர ராவ் ஏறக்குறைய ஓராண்டு மாதம் 25 ரூபாய் கொடுத்தார். சும்மா பணம் வாங்க ராமானுஜனுக்கு மனமில்லை. அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் 20 ரூபாய்க்குச் சில வாரங்கள் தற்காலிகமாக வேலை பார்த்தார். 1912 பிப்ரவரி 9ஆம் தேதி திருவல்லிக்கேணி முகவரியிலிருந்து சென்னைத் துறைமுக டிரஸ்டுக்கு விண்ணப்பம் எழுதினார். கூடவே மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சிபாரிசும் போயிற்று. மார்ச் 1ஆம் தேதி 30 ரூபாய்ச் சம்பளத்தில் மூன்றாம் வகுப்புக் குமாஸ்தா ஆனார். முதலில் சில மாதம் பாட்டியோடு ஜார்ஜ் டவுனில் குடித்தனம். பிறகு அம்மாவும் மனைவி ஜானகியும் வந்து சேர்ந்தார்கள்.

30 ரூபாய் வேலைக்கு ஒரு டெப்டி கலெக்டர், ஒரு கலெக்டர், இரண்டு பேராசிரியர்கள், ஒரு மருமகன். அன்றைய வேலை தேடலில் தகுதிச் சான்றிதழைவிடக் கையில் கொண்டுபோகும் கடிதத்துக்கு எவ்வளவு எடை இருந்தது என்பதை இந்தப் பட்டியல் காட்டுகிறது. ராமானுஜனுக்குக் கணக்கு இருந்தது, அதனால் அந்நியர்கள் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குச் சொந்தக்காரர்தான் கொடுக்க வேண்டும்.

ஆபீஸ் வேலைக்குப் படிப்பும் கடிதமும் வேண்டும் என்றால், கடல் கடந்த வேலைக்கு உறவு ஒன்றே போதுமானதாக இருந்தது. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் சேர்த்த கங்காணி, பெரும்பாலும் தன் ஊரிலிருந்தும் தன் சொந்தத்திலிருந்துமே கூட்டிப்போனார். பெரியகங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். ஒவ்வொரு சில்லறைக் கங்காணியின் கீழும் அண்ணன் தம்பி, மாமன் மச்சான், அவர்களுடைய பெண்டு பிள்ளைகள். தெரிந்தவர் கூப்பிடுகிறார் என்ற நம்பிக்கையில் ஊர் விட்டவர்கள் பயணச் செலவையும் முன்பணத்தையும் கடனாகத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். வேலைக்கு வந்த ஆள்கணக்குப்படி கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆள் தோட்டம் மாறினால் அவன் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டும் கூடவே போகும். புதுத் தோட்டத்துரை அந்தத் தொகையைக் கட்டி அவனை எடுத்துக்கொள்வார். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. மாமன் வாங்கிக்கொடுத்த வேலையிலிருந்து மாமனின் கடனை அடைக்காமல் வெளியேற முடியாது என்பதே அதுவரை நிலை. குடும்ப ஆதரவு என்று சொல்லப்படுவதற்குள் எவ்வளவு பிடிமானமும் சுரண்டலும் ஒளிந்திருக்கலாம் என்பதைத் தோட்ட வரலாற்றைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

மலாயாவுக்கும் உரிமம் பெற்ற கங்காணிகள் இவ்வாறே ஆள் சேர்த்தார்கள். அங்கே உதவிப் பயணத்தில் தொழிலாளர் போவதை 1938இல் இந்திய அரசு தடுத்தது.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஏற்பாடு இதற்கு நேர்மாறான கட்டுக்கோப்புடன் இருந்தது. பையனை வீட்டில் வைத்து வாய்ப்பாடும் வட்டிக்கணக்கும் பழக்கிவிட்டு, சொந்தக்காரரின் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ப்பார்கள். ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று எந்த ஊர் கடையானாலும் அவன் முதலில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி செய்ய வேண்டும், பேரேடு எழுதப் பழக வேண்டும். பிறகு அடுத்தாள், அதன்பின் கடையை நடத்தும் ஏஜெண்டு. ஒரு தவணை வழக்கமாக மூன்று வருடம். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்கே போகும். தவணை முடிந்து திரும்பியவன் சிலகாலம் ஊரில் இருந்துவிட்டு அடுத்த தவணைக்குக் கிளம்புவான். வசதியான வீட்டுப் பையன்களும் பிறர் கடையில் வேலை கற்றார்கள் என்பதுதான் இதில் சிறப்பு. அப்பாவின் கடையில் அப்பாவின் பிள்ளையாக இருப்பான், மற்றவர் கடையில் வேலையாளாக இருப்பான் என்பது அந்தச் சமூகம் கண்ட நடைமுறை அறிவு. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும் இந்தப் பாதை பெரும்பாலும் அடைபட்டது.

யாழ்ப்பாணத்தில் குடும்பத்தின் கனவு தோட்டமும் அல்ல, கடையும் அல்ல, சர்க்கார் மேசை. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்ற பழமொழி அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து மலாயாவின் ரயில்வே, பொதுப்பணி, நில அளவை அலுவலகங்களுக்குப் போனார்கள். முதலில் போனவர் வேலையில் உறுதிப்பட்டதும் தம்பியையும் மச்சானையும் கூப்பிடுவார். வருகிறவர் கோலாலம்பூரில் அவருடைய ரயில்வே குவார்ட்டர்ஸில் தங்கி வேலை தேடுவார். வேலை கிடைத்ததும் ஊருக்குக் காசு வரும். அந்தக் காசில் அடுத்தவன் படிப்பான், தங்கைக்குச் சீதனம் சேரும், வீடு எழும்பும். யாழ்ப்பாணத்தில் பல கல்வீடுகளின் அஸ்திவாரம் மலாயா மணியார்டரும் பென்ஷனும்தான்.

ஊருக்குள் இருந்த தொழிற்சாலைகளிலும் வாசல் ஒன்றுதான். சென்னையின் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் மில்கள், மதுரையிலும் விக்கிரமசிங்கபுரத்திலும் ஹார்வி மில்கள், ரயில்வே பட்டறைகள் எல்லாவற்றிலும் மேஸ்திரி சொன்னால் ஆள் உள்ளே போவான். மேஸ்திரிக்கு மாமூல் உண்டு. சொந்தக்காரனானால் மாமூல் குறையும், அல்லது வேறு வடிவில் திரும்பும். மேஸ்திரிகளின் இந்த அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்று 1931இல் அறிக்கை தந்த விட்லி தொழிலாளர் ஆணையம் வலியுறுத்தியது. தொழிற்சங்கங்கள் மேஸ்திரி ஆட்சியை எதிர்த்தன. ஆனால் தொழிலாளியின் மகனுக்கு முன்னுரிமை வேண்டும் என்று அவையே கேட்டன. இதில் முரண்பாடு இருப்பதாகத் தொழிலாளர் குடும்பங்கள் கருதவில்லை. முப்பது வருடம் பஞ்சுத்தூசியை மூச்சில் வாங்கியவருக்கு, அந்த இடம் தன் பிள்ளைக்குச் சேர வேண்டியது என்று தோன்றியது இயல்பே.

உறவின் பிடியைத் தளர்த்தும் பெரிய முயற்சி நீதிக்கட்சி ஆட்சியில் தொடங்கியது. 1921இலும் பின்னர் 1920களின் இறுதியிலும் வந்த வகுப்புவாரி ஆணைகள் பதவிகளைச் சமூகவாரியாகப் பகிர்ந்தன. 1924இல் பனகல் அரசரின் அமைச்சரவை பணியாளர் தேர்வுக் குழு ஒன்றை அமைத்தது. 1929இல் சட்டமன்றச் சட்டத்தின் மூலம் சென்னைப் பணித் தேர்வாணையம் பிறந்தது. நாட்டில் ஒரு மாகாணம் அப்படி ஆணையம் அமைத்தது அதுவே முதல்முறை. இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வேர் இதுதான். கச்சேரி மேலாளரின் மருமகனும் கூலிக்காரர் மகனும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதும் ஏற்பாடு அரசுப் பணியில் இப்படித்தான் மெல்ல உருவாயிற்று.

குடும்பம் இதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. சொல்லி வாங்கித்தர முடியாத வேலைக்குத் தயார்செய்து அனுப்ப முடியும். அதற்கு மலிவான, நிச்சயமான வழியாகக் கிடைத்தது டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியிலோ அக்ரகாரத்து வீட்டு முன்னறையிலோ ஓர் இன்ஸ்டிடியூட், பத்துப் பதினைந்து ரெமிங்டன் மெஷின்கள், விடிகாலை முதல் இரவுவரை மணிக்கணக்கில் பிரித்த வகுப்புகள். எஸ்.எஸ்.எல்.சி. எழுதி முடித்த மறுவாரமே அப்பா கூட்டிப்போய்ச் சேர்ப்பார். ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப் என்று சுண்டுவிரலிலிருந்து விரல் பழகும். லோயர் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. சுருக்கெழுத்தில் பிட்மன் முறைதான், 80, 100, 120 என்று வேகம் ஏறும். வீட்டில் தங்கையோ அம்மாவோ ஹிந்து தலையங்கத்தை உரக்கப் படிக்க, பையன் குறியீடுகளைக் கீறிக்கொண்டிருப்பான். படிப்பவருக்கு ஆங்கிலம் தடுமாறினாலும் வேகம் குறையக் கூடாது. வேலை தேடலில் தங்கைகள் செய்த இந்த உழைப்பு எந்த விண்ணப்பத்திலும் ஏறவில்லை. அதே ஹிந்துவின் முதல் பக்கம் 1958 வரை விளம்பரங்களாலேயே நிரம்பியிருந்தது. ஆள் தேவை விளம்பரங்களைப் பென்சிலால் வட்டமிட்டு வைப்பது பல வீடுகளில் அப்பாவின் காலை வேலை.

டைப்பும் ஷார்ட்ஹேண்டும் தெரிந்தவர்கள் பம்பாய், டெல்லி, கல்கத்தா ரயில் ஏறினார்கள். பெட்டிக்குள் இரண்டு வேட்டி, சான்றிதழ்க் கட்டு, ஊறுகாய், யாரோ ஒரு சித்தப்பாவின் முகவரி. மாதுங்காவிலோ கரோல்பாகிலோ ஓரறை வீட்டில் இருந்த அந்தச் சித்தப்பா ஏற்கெனவே நாலு பேரைத் தங்கவைத்திருப்பார். வந்தவனுக்குப் பாய் கிடைக்கும், வேலை கிடைக்கும்வரை மெஸ் பாக்கியைத் தள்ளிப்போடும் சலுகை கிடைக்கும், எந்தக் கம்பெனியில் எந்த மேனேஜர் தமிழர் என்ற தகவல் கிடைக்கும். வேலை கிடைத்தபின் அவன் இன்னொருவனுக்குச் சித்தப்பா ஆவான். இந்தச் சங்கிலி வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரிந்தது என்பதை 1966இல் பம்பாயில் தொடங்கிய சிவசேனை காட்டியது. அலுவலகங்களில் தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டுத்தான் அது வளர்ந்தது. மதராசிகள் ஒருவரையொருவர் உள்ளே இழுக்கிறார்கள் என்ற அந்தக் குற்றச்சாட்டில் வெறுப்பு நிறைய இருந்தது. உண்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

சுதந்திரத்துக்குப் பின் வேலைவாய்ப்பு அலுவலகம் வந்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்காக 1945இல் தொடங்கிய அமைப்பு, 1948இல் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. காலியிடங்களை அறிவிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் 1959இல் வந்தது. தமிழ்நாட்டில் பதிவு மூப்பு என்பது ஒரு சொத்தாகவே ஆனது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கையில் கிடைத்ததும் பதிவு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விட்டுப்போனால் மூப்பு போய்விடும். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பான், பெண் கல்யாணமாகிப் போயிருப்பாள். அட்டை மட்டும் அப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் மஞ்சள் பைக்குள் இருக்கும். புதுப்பிக்கும் மாதத்தை ஞாபகம் வைத்திருப்பது அம்மா. கடைசியில் நேர்முகக் கடிதம் வரும்போது சிலருக்கு வயது நாற்பதை நெருங்கியிருக்கும். பிறகு வயது வரம்புக் கணக்கு.

விண்ணப்பத்தோடு இணைக்கும் நகல்களில் கெஜட்டட் ஆபீஸர் பச்சை மையில் சான்றொப்பம் இட வேண்டும் என்ற விதி, உறவின் தேவையைச் சந்துவழியாக மறுபடி உள்ளே கொண்டுவந்தது. தெரிந்த டாக்டரோ கல்லூரி ஆசிரியரோ சொந்தத்தில் இருக்கும் வீட்டுக்கு அது ஒரு மாலை நேர வேலை. மற்றவர்கள் அரசு மருத்துவமனை வாசலில் நகல்களைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். சுயசான்றொப்பம் போதும் என்ற நிலை மிகப் பின்னால்தான் வந்தது.

பரம்பரைப் பதவிகளின் கதை இதே காலத்தில் முடிவுக்கு வந்தது. 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு ஆந்திர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வம்சாவளியைக் காரணமாக வைத்து அரசுப் பதவியில் பாகுபாடு கூடாது என்ற அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவைக் காட்டி நீதிமன்றம் 1960 டிசம்பரில் அதைச் செல்லாததாக்கியது. தமிழ்நாட்டில் 1968இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர் இடம் தேர்வு எழுதி வருவோருக்குப் போனது.

வாரிசு என்ற சொல்லுக்கு அரசுப் பணியில் எஞ்சிய இடம் கருணை அடிப்படை நியமனம் ஒன்றே. பணியில் இருக்கும்போது இறந்த ஊழியரின் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை தரும் இந்த ஏற்பாடு தமிழ்நாட்டில் 1970களிலிருந்து முறையாக நடந்துவருகிறது. மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். குடும்ப ஆதரவு என்பது கையெழுத்தாகவே கேட்கப்படும் இடம் இது. அந்தக் கையெழுத்துக்காக அண்ணன் தம்பிகள் பிரிந்ததும், வேலை வாங்கிய மகன் தாயைக் கைவிட்டதாக வழக்குகள் வந்ததும் உண்டு. இது உரிமை அல்ல, சம்பாதித்தவரை இழந்த குடும்பம் திடீர் நெருக்கடியைத் தாண்டுவதற்கான உதவி மட்டுமே என்று 1994இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது.

1970களின் எண்ணெய் விலை ஏற்றத்துக்குப் பின் வளைகுடா நாடுகள் திறந்தன. கீழக்கரை, காயல்பட்டினம், தஞ்சைக் கடற்கரை ஊர்களில் பினாங்குக்குப் பிழைக்கப் போகும் பழைய வழக்கம் துபாய்க்கும் ரியாத்துக்கும் இடம் மாறியது. மச்சான் விசா அனுப்புவார். விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் பணம் மனைவியின் நகையிலிருந்து வரும். உறவில் ஆள் இல்லாதவர்கள் ஏஜெண்டிடம் போனார்கள். ஏமாந்த கதைகள் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தன. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் ஆள்சேர்ப்பு முகவர்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது.

பெண்கள் வேலை தேடியபோது குடும்பத்தின் பங்கு வேறு விதமானது. போகலாமா என்ற அனுமதியே முதல் ஆதரவாக இருந்தது. ஆசிரியை, நர்ஸ், டைப்பிஸ்ட், டெலிபோன் ஆபரேட்டர் என்று ஏற்கப்பட்ட வேலைகளின் பட்டியல் குறுகியது. தேர்வு மையத்துக்கு அண்ணன் துணைக்குப் போவார், வெயிலில் வாசலில் நிற்பார். சம்பளம் வந்தபின் அந்தப் பெண்ணே குடும்பத்தின் ஆதரவாக மாறி, அதனாலேயே கல்யாணம் தள்ளிப்போன நிலையை கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’ 1974இல் திரையில் காட்டியது. இன்றும் தேர்வு மைய வாசல்களில் கைக்குழந்தையோடு நிற்கும் கணவர்களையும் மாமியார்களையும் பார்க்கலாம். திருமணத்துக்குப் பின் தேர்வு எழுதும் பெண்ணுக்குப் புத்தகத்தைவிடத் தேவைப்படுவது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அந்த மூன்று மணி நேரம்.

கணினி நிறுவனங்கள் வந்தபின் பழைய சிபாரிசு புதிய பெயரில் திரும்பியது. ஊழியர் பரிந்துரைத்த ஆள் சேர்ந்தால் ஊழியருக்கே ஊக்கத்தொகை தரும் ரெஃபரல் முறை பல நிறுவனங்களில் நடைமுறையில் இருக்கிறது. மேஸ்திரி மாமூல் வாங்கினார், இங்கே கம்பெனி கொடுக்கிறது. பரிந்துரைக்கப்பட்டவரும் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும் என்பது வித்தியாசம். ஆனால் விண்ணப்பம் பார்க்கப்படும் வாய்ப்பு அவருக்கு அதிகம். அலுவலகத்தில் அண்ணனோ அத்தை மகளோ இருக்கும் வீட்டுக்கு எந்தப் பணி காலி, நேர்முகத்தில் என்ன கேட்பார்கள், என்ன சம்பளம் கேட்கலாம் என்பதெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே தெரிந்துவிடும். முதன்முதலாகப் படித்து வரும் பிள்ளைக்கு வீட்டில் அன்பும் பணமும் கிடைக்கலாம், இந்தத் தகவல் கிடைக்காது.

அந்தக் குறையை அரசு நேரடியாக ஒப்புக்கொண்ட ஏற்பாடு ஒன்று உண்டு. குடும்பத்தில் இதற்குமுன் யாரும் பட்டம் பெறவில்லை என்று வருவாய்த் துறை தரும் முதல் பட்டதாரிச் சான்றிதழைக் காட்டினால், தொழிற்கல்லூரிகளில் ஒற்றைச்சாளர முறையில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் 2010-11 கல்வியாண்டில் தமிழ்நாட்டில் தொடங்கியது. இந்தச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே. அண்ணன் பட்டம் பெற்றுவிட்டால், தம்பிக்கும் தங்கைக்கும் வழிகாட்ட வேண்டியது அண்ணன்தான் என்பது விதியின் கணக்கு.